திருத்திய இரண்டாம் பதிப்பு

அக்காவின் பதிவுக்குக் கீழே அந்தப் பெரியவர் எழுதியிருந்ததை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது, இரண்டாம் முறையாக எலும்பு மஜ்ஜை மாற்றப் போகிறார்கள், இதுவா கேலி பேசுகிற நேரம் என்று கேட்டிருந்தார். அவர் கேட்டதைவிட, எங்களை நன்றாக அறிந்தவர்களே அதற்கு விருப்பக்குறி இட்டிருந்ததுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அக்கா எழுதியது மூன்றே வரி. "திருத்திய இரண்டாம் பதிப்பு விரைவில் வெளிவருகிறது. முதற்பதிப்பில் விடுபட்ட பிழைகளுக்கு வருந்துகிறோம். அச்சகம் அதே." இருபது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி, தன் உடலுக்கு நடக்கப்போவதைத் தன் தொழிலின் சொற்களால் சொல்லியிருக்கிறாள். அந்த அச்சகம் நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல், கொடுத்தவன் நான். இப்போது கொடுக்கப்போவதும் நான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தச் சிரிப்பு அவளுடையது. நோய் யாருடைய எலும்புக்குள் இருக்கிறதோ, அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்கே உண்டு.

அவளுக்கு நோயின் தீவிரம் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை அவள் கடந்து வந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். புதிய செல்களுக்கு இடம் உண்டாக்குவதற்காக, கடுமையான கீமோ கொடுத்து அவளுடைய மஜ்ஜையை முதலில் அழித்தார்கள். என் செல்கள் ஒரு பையில் வந்து, ரத்தம் ஏற்றுவது போலவே குழாய் வழியாக அவளுக்குள் இறங்கின. பார்ப்பதற்கு அவ்வளவு எளிமையான காரியம் அது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடியவை. வாயிலிருந்து தொண்டை வரை புண்ணாகி, எச்சிலைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை. தினமும் காலையில் ரத்த அணுக்களின் கவுன்ட் எவ்வளவு என்று கேட்பதே எங்கள் வாழ்க்கையாக இருந்தது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500க்கு மேல் நின்றால்தான் புதிய மஜ்ஜை வேர்பிடித்துவிட்டது என்று கொள்வார்கள். அந்த 500க்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். அவள் மனத்தைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு நான் எதையோ வேடிக்கையாகச் சொன்னேன். அவள் காகிதத்தை வாங்கி, "சிரிக்க வைக்காதே, வாய் வலிக்கிறது" என்று எழுதினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நான்கு நாள் கழித்து அவளே ஒரு காகிதத்தை நீட்டினாள். "இன்று ஒரு முறை சிரிக்க அனுமதி உண்டு" என்று அதில் எழுதியிருந்தது. எப்போது சிரிப்பது, எப்போது கூடாது என்பதை அன்று அவள்தான் தீர்மானித்தாள்.

இன்னொரு வகை அன்பர்களும் இருக்கிறீர்கள். "இப்படியே சிரித்துக்கொண்டிரு, நோய் ஓடிவிடும்" என்று எழுதுகிறீர்கள். நல்லெண்ணத்தோடு எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது எனக்கு வலிக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலம் நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிரிப்பை மருந்தாக்கிவிட்டால், நாளை அவள் அழுதால் அது பத்தியம் மீறியதாகிவிடும். நோய் திரும்பியதற்கும் அவள் போதுமான அளவு சிரிக்காததே காரணம் என்றாகிவிடும். அவள் குணமாவதற்காகச் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிறது, சிரிக்கிறாள்.

இதே நோயில் ஒருவரைப் பறிகொடுத்தவர் இதைப் படித்தால் எவ்வளவு வேதனைப்படுவார் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இது நியாயமான கேள்விதான். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அப்படிப்பட்டவர் அந்தப் பதிவைக் கடந்து போனால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா கேலி செய்தது அவருடைய இழப்பை அல்லவே. தன் எலும்பை, தன் ரத்தத்தை, தன் தம்பியைத்தான் அவள் கேலி செய்தாள். முதல் சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய ரத்த வகை என் வகையாக மாறிவிட்டது. ஆணின் செல்லைப் பெற்ற பெண்ணின் ரத்தத்தைச் சோதித்தால் அதில் ஆணின் குரோமோசோம்தான் தெரியும். "இனி எனக்குக் கோபம் வந்தால் நீதான் பொறுப்பு, ரத்தம் உன்னுடையது" என்று அவள் சொன்னபோது நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அதுவும் தவறு என்பீர்களா?

அந்த மூன்று வரி முதலில் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்த அன்று நான் உடைந்துபோனேன். என் செல்கள் அவளைக் கைவிட்டுவிட்டன என்றே நினைத்தேன். கீமோவுக்குத் தப்பிய ஒரு சில புற்றுச் செல்கள், கொடையாளரின் எதிர்ப்புச் செல்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்து மீண்டும் பெருகுவதால்தான் நோய் திரும்புகிறது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இடையில் நான்கு ஆண்டுகள் நோயின்றி இருந்தது நல்ல அறிகுறி என்றும், இரண்டாம் முறையில் ஆபத்து அதிகம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, "அச்சகத்தின் மேல் தவறில்லை. மெய்ப்புப் பார்த்ததில் விட்டுப்போன பிழை இது. திருத்திய பதிப்பும் உன்னிடமே அச்சாகட்டும்" என்றாள். நோய் அவளுக்கு, ஆறுதல் எனக்கு. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் நடமாடுகிறேன். அதைத்தான் நீங்கள் பொறுப்பற்ற பேச்சு என்கிறீர்கள்.

அந்தப் பெரியவரின் வயதுக்கு நான் மரியாதை தருகிறேன். அவர் அக்கறையில்தான் எழுதினார் என்றும் நம்ப முயல்கிறேன். ஆனால் அந்த அக்கறை அவளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

நேற்று இரவு அக்கா அந்தப் பதிவை நீக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சண்டை போட இப்போது தெம்பில்லை என்றாள். வியாழக்கிழமை அவள் தனி அறைக்குள் போகிறாள். அடுத்த சில நாட்களில், ஸ்டெம் செல்களை ரத்தத்தில் பெருக்குவதற்கான ஊசி எனக்குத் தொடங்கும். அறைக்குள் போவதற்கு முன் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.