நாவல் வாசிப்பவர் நல்ல துணையா? அந்த 2013 ஆய்வு பற்றி

இலக்கிய நாவல் வாசிப்பவர்களே அன்பான வாழ்க்கைத்துணை என்று 2013இல் அறிவியல் நிரூபித்துவிட்டதாக மேலே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

உளவியல் ஆய்வாளர்களான டேவிட் கிட், இமானுவேலே காஸ்டானோ இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அது. பங்கேற்றவர்களுக்குச் சிறு பகுதிகளை வாசிக்கக் கொடுத்து, உடனே தேர்வு வைத்தார்கள். முக்கியமான தேர்வு, கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைப் பார்த்து அந்த ஆளின் மனநிலையைச் சொல்வது. இலக்கியப் பகுதி வாசித்தவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள், அவ்வளவுதான். காதல், திருமணம், அன்பு எதையும் அவர்கள் அளக்கவே இல்லை. கண்ணைப் பார்த்து மனதை ஊகிப்பது வேறு, வீட்டில் கனிவாக நடந்துகொள்வது வேறு.

அப்புறம், அந்தச் சிறு வித்தியாசமும் நிலைக்கவில்லை. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளைக் காலின் கேமரர் குழு கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்து, 2018இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியிட்டது. 13 ஆய்வுகளில் பழைய முடிவு மீண்டும் கிடைத்தது. இந்த வாசிப்பு ஆய்வில் கிடைக்கவில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் தேடினால் இரண்டு கட்டுரைகளின் சுருக்கமும் கிடைக்கும். 2018 கட்டுரையில் ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் காட்டும் படத்தில் ‘கிட், காஸ்டானோ’ வரியைப் பாருங்கள். இந்தச் செய்தியை நம்பி ஒரு வரனை ஒதுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.