வெள்ளத்தில் நின்ற கார் 15,000 ரூபாயில் சரியாகாது

"மழைவெள்ளத்தில் நின்ற காரைப் பாதி விலைக்கு வாங்கு, கார்ப்பெட்டைக் காயவை, ஆயில் மாத்து, 15,000 செலவில் லட்ச ரூபாய் லாபம்" என்று சிலர் சொல்வது தப்பு சகோ. தண்ணீர் பாதி டயரோடு நின்றிருந்தால் ஓரளவு சரி. சீட் வரை ஏறியிருந்தால் கணக்கே வேறு.

பல கார்களில் ஏர்பேக்கை விரியவைக்கும் கன்ட்ரோல் யூனிட் கியர் லீவர் பக்கத்தில் தரையோடு இருக்கும், வயரிங்கும் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஓடும். வயர்களை இணைக்கும் கனெக்டருக்குள் சேறு போன வண்டி இன்று ஓடும். சில மாதத்தில் பின்களில் பச்சை பூத்து ஏர்பேக் விளக்கு, பவர் விண்டோ, சென்சார் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அப்போது மாட்டிக்கொள்வது உங்களிடம் வாங்கிய குடும்பம். விபத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம்.

ஸ்டார்ட் அடித்துப் பார்க்கவே கூடாது. இன்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, இன்ஜினைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள், தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வரும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள்.

வாங்குமுன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வாட்டர் வாஷ் செய்தவர்கள் அந்த உள்பகுதியை விட்டுவிடுவார்கள், சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்கள்: பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கு. விற்கும்போது வெள்ள வண்டி என்பதை எழுதியே கொடுங்கள்.