மேலே ஒரு நம்பர், உள்ளே வேறு சரக்கு

டிரான்சிஸ்டர் முதுகில் பொய் நம்பரை அச்சடித்து விற்கிறார்களே, அவர்கள் ஒரே ஒரு நாள் என் மேசையில் உட்கார்ந்து டொராய்டு, அதாவது காந்த வளையத்தில் கம்பி, சுற்றிப் பார்க்கட்டும்.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஹாம், பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவன். 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கு ஒற்றை ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் வைத்து நான் கட்டிய டிரான்ஸ்மிட்டர் 12 வோல்ட்டில் 4 வாட் தரும். காலையில் மதுரை நண்பரோடு பேசினால் பாதியிலேயே "காணோம், திரும்பச் சொல்லுங்க" என்பார். இரண்டு ஐஆர்எஃப்510-ஐ மாறி மாறி வேலை செய்யும்படி புஷ்-புல்லில் போட்டு 24 வோல்ட் கொடுத்தால் 15 வாட்டாவது வரும். பவர் நாலு மடங்கு ஆனால் 6 டெசிபல், அவருடைய சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு படி, அதாவது ஒரு எஸ் யூனிட். அந்த ஒரு யூனிட்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 510 பத்து வாங்கி வந்தேன். மைக்கா வைத்து ஹீட் சிங்கில் முறுக்கி, பயாஸை, அதாவது டிரான்சிஸ்டரைத் தயார் நிலையில் வைக்கும் வோல்ட்டேஜை, பார்த்துப் பார்த்து ஏற்றி, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு ரெசிஸ்டரை மாட்டிக் கீயை அழுத்தினேன். 2 வாட்! ஒற்றை டிரான்சிஸ்டர் பாதி வோல்ட்டேஜில் தந்ததில் பாதி!

என் கைமேல்தான் சந்தேகம் வந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துச் சுற்றினேன். 2 வாட். விளக்கடியில் வைத்துச் சுற்றுகளை மூன்று முறை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. ஃபில்டரின் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினேன். 2 வாட். ஃபில்டரையே விலக்கிவிட்டு டம்மி லோடில் நேராகக் கொடுத்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஏறவில்லை. இந்த டிரான்சிஸ்டர்களுக்குச் சிக்னல் ஊட்டும் டிரைவர் சர்க்யூட்டை மாற்றினேன். பயாஸை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், ஒன்று புகைந்து போனது. அதே பத்தில் இருந்து இன்னொன்றைப் பற்றவைத்தேன். மறுபடியும் 2 வாட். மூன்று வாரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம்தான் பழைய டிரான்ஸ்மிட்டரில் இருந்த 510-ஐக் கழற்றி, புதியதோடு பக்கத்தில் வைத்து, கேட் என்கிற உள்ளீட்டுக் காலின் கெபாசிட்டன்ஸை மல்டிமீட்டரில் அளந்தேன். புதியது நாலு மடங்குக்கு மேல் காட்டியது. மேலே 510 என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பது வேறு ஏதோ பெரிய மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்.

510-ன் கேட் சின்னது, டேட்டாஷீட்டில் 180 பிகோஃபாரட். சுவிட்ச் வேலைக்காகச் செய்த அந்த மலிவான மாஸ்ஃபெட்டை ஹாம்கள் ஷார்ட்வேவில் ஓட்ட முடிவதே அதனால்தான். அதன் பெரிய அண்ணன் ஐஆர்எஃப்530 என்றாலே 600-ஐத் தாண்டிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 70 லட்சம் தடவை அந்தக் கேட்டை நிரப்பி வடிக்க வேண்டும். என் சின்ன டிரைவர் எங்கே போகும் தெம்புக்கு?

கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் சரியாத்தானே சார் இருக்கு?" என்றார். நம்பர்தான் பொய் என்று சொல்லத்தானே ஐயா நான் வந்திருக்கிறேன்! "வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே" என்றார் அடுத்து. யார் பண்ணுவார்கள்? எல்லோரும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து டொராய்டைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதில் "ஆன்டெனாவை உயரமா ஏத்துங்க, பவர் எதுக்கு" என்று அறிவுரை வேறு. ஏற்றியாகிவிட்டது. 20 மீட்டர் கம்பியை மொட்டை மாடியில் தலைகீழ் 'வி'யாகக் கட்டி, பவர் திரும்பி வருகிறதா என்று எஸ்டபிள்யூஆரும் பார்த்தாகிவிட்டது. கம்பி நீளமும் உயரமும் சரியானால் போலி டிரான்சிஸ்டர் அசலாகிவிடுமா?

புதுக் கைகள்தான் எனக்குக் கவலை. முதல் டிரான்ஸ்மிட்டரைக் கட்டும் ஒரு கல்லூரிப் பையனிடம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய 510 இருக்காது. தனக்கு இது வராது என்று சால்டரிங் அயர்னைத் தூக்கி ஓரம் வைத்துவிடுவான்.

கடையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸிலும் இதே கதைதான், தப்பு என்மேல். நூறு ரூபாய் கொடுத்தேன். மிச்சத்தை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார் நடத்துநர். இறங்கும்போது கேட்டால் "முன்னாடியே கேட்டு வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்கிறார். எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே! 78 ரூபாய்!