எந்தக் கல், யாருக்குக் காசு?

காற்றிலுள்ள காபனைப் பிடிக்கலாம், மண்ணும் வளமாகும் என்று சொல்லி வயலுக்குக் கல்மாவு போடும் யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எந்தக் கல், செலவு யாருடையது, காசு யாருக்கு என்று கேட்காமல் நம்மட வட்டைகளுக்குள் ஒரு லோட் கூட இறங்கக் கூடாது.

விசயம் உண்மைதான். மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. அது எரிமலைக் கல்லான பசால்ட்டின் தூளைக் கரைக்கும்போது கல்சியமும் மக்னீசியமும் மண்ணுக்கு வரும். காபன் தண்ணீரில் கரைந்த இருகாபனேற்றாக மாறி, வாய்க்காலும் ஆறும் தாண்டிக் கடலில் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். நெல்லுக்குத் தேவையான சிலிக்காவும் கிடைக்கும். காற்றிலிருந்து காபனை அகற்றும் வழிகளுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2025இல் 5 கோடி டொலர் பரிசை வென்ற மாட்டி கார்பன் நிறுவனம் இந்தியாவின் சிறு விவசாயிகளோடுதான் இதைச் செய்கிறது.

அங்கே தக்காணத்தில் பசால்ட் மலை மலையாகக் கிடக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம் காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கிரானைட் வகை நைஸ் பாறை. அதில் நிறைந்திருக்கும் குவாட்ஸ் என்ற கனிமம் இலேசில் கரையாது, காபனையும் பிடிக்காது. குவாரியில் மிஞ்சும் தூளைக் 'காபன் பசளை' என்று யாராவது நம் தலையில் கட்டினால் வயலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதைக் கையால் வீசுகிற கூலிக்காரரின் நுரையீரல்தான் கெடும்.

அளவையும் பாருங்கள். அமெரிக்காவின் இலினோயில் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 50 தொன் வீதம் நான்கு ஆண்டு போட்டார்கள். சோளன், சோயா விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. நம் கணக்கில் அது ஏக்கருக்கு 20 தொன்! யூரியா மூட்டையையே தோளில் வைத்து வரம்பால் நடக்கிற, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலுக்கு அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஒரு தொன் பசால்ட் முழுக்கக் கரைந்தாலும் பிடிப்பது ஏறத்தாழ 300 கிலோ காபனீரொட்சைட்டு. கல்லை அரைக்கவும் ஏற்றிவரவும் எரிந்த டீசலை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

அப்புறம் காசு. தாங்கள் வெளிவிடும் காபனை ஈடுகட்ட, இப்படிப் பிடித்த காபனுக்கு வெளிநாட்டுக் கம்பனிகள் டொலரில் விலை கொடுக்கின்றன. விவசாயிக்கு இலவச மாவு மட்டும் என்றால் அது அநியாயம். வருமானத்தில் பங்கும், விளைச்சல் விழுந்தால் நட்டஈடும் தமிழில் எழுதிய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்களே, அந்த நட்டத்தைச் சுமந்தது யார்?

கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் முதலில் சில துண்டு வயல்களில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்து பார்க்கட்டும். நெல்லில் நிக்கல் போன்ற உலோகம் ஏறுகிறதா என்றும் சோதிக்கட்டும். முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும் மாதங்களில் வயல்நீர் கடலுக்குப் போகாமல் மட்டக்களப்பு வாவியிலேயே தேங்கும் என்பதால், வாவித் தண்ணீரையும் அளக்க வேண்டும். மீனவர்களும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

கமக்காரர் அமைப்புகளில் இருப்பவர்களே, இப்படி ஒரு படிவம் உங்கள் கைக்கு வந்தால் தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள். போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள்.