மோட்டார் வெளியே தள்ளும், ராம்ப் உள்ளே கூட்டி வரும்

நேற்று ராத்திரி பெய்ததே, அந்த மழையைப் பற்றி பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டுதான் பேஸ்மென்ட்டில் இறங்கியிருப்பீர்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் முதலில் உள்பக்கச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார்கள். வெளியே மண் ஊறிப்போய் தண்ணீர் முட்டித் தள்ளுகிறது, உள்ளே பூசிய பெயின்ட் தாங்குமா? உப்புப் பூத்து, கொப்புளம் கட்டி, பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. காண்டிராக்டர் வந்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டார்ச் அடித்தார். தண்ணீர் அவர் செருப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "லீக்கேஜ் இல்ல சார், ஈரப்பதம்."

அப்புறம் அவரே அடுத்த வைத்தியம் சொன்னார். சுவரை ஒட்டிச் சுற்றிலும் தரையை வெட்டி, துணி விரித்து, ஜல்லி கொட்டி, ஓட்டை போட்ட பைப்பைச் சரிவாகப் பதித்து, மூலையில் குழி எடுத்து மோட்டார் வைப்பது. யோசனை சரிதான். சுவரும் தரையும் சேரும் மூட்டு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். அதோடு மல்லுக்கட்டாமல், வாடா ராசா என்று உள்ளே விட்டு ஓரமாகவே நடத்திப்போய் வெளியே அனுப்பிவிட்டால் சுவருக்கும் அழுத்தம் குறையும். ஸ்பெஷல் வசூல் போட்டார்கள். கட்டினோம். தரையை உடைக்கிற சத்தத்தில் வீட்டில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை, அந்த மட்டில் லாபம்.

நேற்று கீழே போய்ப் பார்த்தேன். குழி நிரம்பியது, ஃப்ளோட் மேலே வந்தது, மோட்டார் ஓடியது. ஆஹா! பைப் பிடித்த வழியே கேட் வரை போனேன். மோட்டார் தள்ளிய தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையோ ஏற்கெனவே நுரை தள்ளி நிற்கிறது. அங்கே இடமில்லையென்று தண்ணீர் கேட்டுக்குள் திரும்பி, ராம்ப்பில் ஜம்மென்று இறங்கி, தூண்களைச் சுற்றி, ஓரக் கால்வாயில் விழுந்து, மறுபடி அதே குழிக்கு வந்து சேர்கிறது. மோட்டார் மறுபடி தள்ளுகிறது. அது மறுபடி வருகிறது. நாங்கள் மெயின்டனன்ஸ் கட்டி, கரண்ட் பில் கட்டி, தண்ணீரை வாக்கிங் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறோம்.

ராம்ப்பின் தலைமாட்டில் ஒரு மேடு இருந்தது. அதற்கு முன்னால் குறுக்கே கம்பி ஜாலி போட்ட கால்வாயும் இருந்தது. யாரோ ஒருவருடைய புதுக் காரின் அடிவயிறு உரசுகிறதென்று மேட்டை இடித்துச் சமப்படுத்திவிட்டார்கள். ஜாலி ஆடிச் சத்தம் போடுகிறதென்று கால்வாயையும் சிமென்ட் வைத்து மூடியாயிற்று. தூக்கம் முக்கியம் இல்லையா!

காண்டிராக்டருக்கு போன் போட்டேன். "வெளிய கொண்டுபோய் விடறதுதான் சார் என் வேலை. விட்டுட்டேன். திரும்பி வந்தா நான் என்ன சார் பண்றது?" பதில் வரவில்லை எனக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. லிஃப்ட் ஓடியது, கேட்டில் சீரியல் விளக்கு மினுங்கியது, மோட்டார் மட்டும் நின்றது. அதை ஜெனரேட்டர் லைனில் கொடுக்கவில்லையாம். மழை பெய்தால் கரண்ட் போகும் ஊரில், மழைக்காகவே வாங்கிய மோட்டார்!

பெல்லந்தூர் ஏரிப் பக்கம் இருந்துகொண்டு தண்ணீரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஏரியும், ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயும் நமக்கு முன்னாலேயே இங்கே இருந்தவை. 2022 செப்டம்பரில் ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதைப் பார்த்த ஊர் இது. 2024 கோடையில் போர்வெல் வறண்டு, 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று அரசே விலை நிர்ணயிக்க வேண்டி வந்ததும் இதே ஊரில்தான். அப்போது ஒட்டிய 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்' நோட்டீஸ் இன்னும் லிஃப்டில் இருக்கிறது. நேற்று அதைப் படித்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன். கூட ஏறிய பெரியவர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

சரி, அது கிடக்கட்டும். இரண்டாம் மாடிக்காரரே, என் பார்க்கிங்கில் உங்கள் பையனின் உடைந்த சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அதை யார் திருடப்போகிறார்கள் என்று நினைத்தீர்கள்?