போட்டது போட்டதுதான்

சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி பால்டர்ஸ் கேட் 3 என்ற கதையுள்ள கணினி ஆட்டத்தை முடித்தேன். ஆட்டங்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தின் கணக்கில் 140 மணிநேரத்துக்கு மேல் காட்டுகிறது. வேலை நாட்களில் பிள்ளைகள் தூங்கின பிறகு கொஞ்சம், ஞாயிறு மதியம் கொஞ்சம் என்று ஏழு மாதம் ஓடிவிட்டது. மறுநாள் காலையிலேயே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, அடுத்து என்ன? டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 ஆரம்பிங்க, பால்டர்ஸ் கேட் செய்த அதே லேரியன் கம்பெனி பண்ணினதுதான்." அலுவலக நண்பர் ஒருவர் பாத்ஃபைண்டர் என்கிறார். இன்னொருவர் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியைச் சொல்கிறார். யாரைக் கேட்டாலும் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, எல்லாம் நல்ல பட்டியல்தான். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் கிராபிக்ஸ், சண்டை, எத்தனை மணிநேரம் ஓடும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

நான் இப்போதெல்லாம் ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தில் நான் தோற்றால் என்ன நடக்கும்?

இது எனக்கு எங்கே தோன்றியது என்று சொல்கிறேன். பால்டர்ஸ் கேட் 3இன் தொடக்கத்தில் ட்ரூயிடுகள் என்ற இயற்கையை வணங்கும் பூசாரிகளின் தோப்பு ஒன்று வரும். ஊரை இழந்து வந்த டீஃப்ளிங் என்ற கொம்பு முளைத்த மக்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். அவர்களில் அரபெல்லா என்ற சிறுமி, ட்ரூயிடுகள் வணங்கும் சிலையைத் திருடப் பார்த்து மாட்டிக்கொள்கிறாள். காகா என்ற ட்ரூயிட் அவள் எதிரில் ஒரு பாம்பைக் காவல் வைத்திருக்கிறாள். நாம்தான் பேசி காகாவின் மனதை இளக்க வேண்டும். திரையில் இருபது முகப் பகடை உருண்டது. எனக்கு விழுந்தது 4. பிள்ளை பயந்து ஓடப் பார்த்தாள், பாம்பு கொத்தியது, அங்கேயே விழுந்துவிட்டாள். வெளியே அவள் அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள்.

என் விரல் தானாக எஃப்8 பொத்தானுக்குப் போய்விட்டது. பழைய சேவ் லோட் ஆனது, அதாவது முன்பு சேமித்து வைத்த இடத்துக்கே ஆட்டம் திரும்பிப் போனது. மறுபடி பகடை, 6. மறுபடி லோட். நாலாவது தடவை 17 விழுந்தது. பிள்ளை பிழைத்தாள், பெற்றவர்கள் கண்கலங்கி நன்றி சொன்னார்கள்.

அந்த நன்றி என் மனதில் ஒட்டவே இல்லை. அவள் செத்துக் கிடந்ததை மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து நிற்கிறேன், எப்படி ஒட்டும்? அந்தப் பெற்றோரிடம் போய் என்ன சொல்லியிருப்பேன், அவர்கள் என்னை என்ன கேட்டிருப்பார்கள், காகாவை அதன் பிறகு நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அத்தனையும் ஆட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் ஒரு பொத்தானை அழுத்தி அத்தனையையும் இல்லாமல் செய்துவிட்டேன். அதற்கு அப்புறமும் பல இடங்களில் இதையே செய்தேன் என்பதுதான் வருத்தம்.

சின்ன வயதில் அம்மாச்சியோடு தாயம் ஆடுவோம். திண்ணையில் சாக்கட்டியால் கட்டம், பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, காய்களாகப் புளியங்கொட்டையும் சோழியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். சில நாள் எல்லாருக்கும் காய் இறங்கி ஓடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் தாயமே விழாது. கட்டை சரியாக உருளவில்லை, கால் தட்டிவிட்டது, இன்னொரு தரம் போடுகிறேன் என்று கெஞ்சுவேன். அம்மாச்சி அசையவே மாட்டார். "போட்டது போட்டதுதான்" என்பார். மீறி எடுத்தால் அழுகுணி ஆட்டம் என்று சொல்லிக் காயையெல்லாம் கலைத்துவிடுவார். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கெஞ்சிக் கெஞ்சித் தாயம் வாங்கி ஜெயித்திருந்தால் அந்த மதியங்கள் இத்தனை வருஷம் நினைவில் நின்றிருக்காது. (இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் அடியோடு தோல்வி. தாயத்தில் அதே 1தான் கதவைத் திறந்துவிடும். எனக்கு இன்னமும் 1 என்றால் நல்ல சகுனமாகத்தான் படுகிறது.)

ஒற்றை ஆள் ஆடும் ஆட்டம், லோட் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சண்டையில் தோற்று லோட் செய்வதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நாலு பேரும் செத்து விழுந்தால் அங்கே கதை கிடையாது, திரும்பித்தான் போக வேண்டும். நான் சொல்வது பேச்சில் தோற்பது, பூட்டைத் திறக்க முடியாமல் போவது, பொய் சொல்லி மாட்டிக்கொள்வது. அங்கெல்லாம் கதை நிற்பதில்லை, வேறு பக்கம் திரும்புகிறது. 2023 நவம்பர் கடைசியில் லேரியன் ஹானர் மோட் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு சேவ்தான், லோட் செய்து தப்பிக்க வழியில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் கூடவே பெரிய எதிரிகளை இன்னும் பலசாலிகளாக்கிவிட்டார்கள், அதனால் அது சண்டையில் கைதேர்ந்தவர்களுக்கான சவாலாகிவிட்டது. எனக்கு வேண்டியது சவால் இல்லை. நான் தோற்ற பிறகு ஆட்டத்தின் கதையை எழுதியவருக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

அந்த விஷயத்தில் நான் ஆடினவற்றில் டிஸ்கோ எலிசியத்துக்கு இணையே இல்லை. எஸ்டோனியாவில் தொடங்கிய ஒரு குழு 2019 அக்டோபரில் வெளியிட்டது. வாள் சண்டை, மந்திரம் எதுவும் கிடையாது. குடித்துக் குடித்து தன் பெயரையே மறந்துபோன ஒரு போலீஸ்காரர், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் ஒரு பிணம், அவ்வளவுதான் தொடக்கம். அவருடைய மூளைக்குள் 24 திறமைகள் 24 குரல்களாகப் பேசும். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் காரியம் பார்க்க வேண்டும். வெள்ளை நிறத்தில் வரும் முயற்சியைப் பிறகு திறமை கூட்டிக்கொண்டு வந்து மறுபடி செய்யலாம். சிவப்பு என்றால் ஒரே தடவை. போட்டது போட்டதுதான்.

ஓர் இடம் சொல்கிறேன். விடுதி மேலாளர், அறையைச் சின்னாபின்னமாக்கியதற்கும் தங்கியதற்கும் பணம் கேட்கிறார். நம்மிடம் காசு இல்லை. கொடுக்காமல் ஓடிவிடலாம் என்று ஒரு வழி வரும். நான் அதைத் தேர்ந்தெடுத்தேன், பகடை கைவிட்டது. நம் ஆள் ஓடுகிறார், ஓடுகிற வேகத்தில் துள்ளித் திரும்பி மேலாளருக்கு நடுவிரலைக் காட்டுகிறார், அப்படியே போய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாள்மீது மோதி விழுகிறார். நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அந்த அம்மாளை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஒரு மனிதன் எவ்வளவு கீழே விழுந்திருக்கிறான் என்று அந்தத் தோல்வி எனக்குக் காட்டியது. ஜெயித்திருந்தால் கதவைத் தாண்டிப் போயிருப்பேன், வேறொன்றும் இல்லை. பாடத் தெரியாதவர் மேடையேறிப் பாடும் காட்சியும் அப்படித்தான். நன்றாகப் பாடினால் ஒரு பாட்டு, சொதப்பினால் அந்தச் சொதப்பலுக்கென்றே தனியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். தோற்பவனுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று அன்றைக்கு மனம் நெகிழ்ந்துபோனது.

இது புதிதும் இல்லை. 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டில் அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்து ஓர் ஆளை உருவாக்கினால் அவரால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது, ஊரார் அவரை நடத்துகிற விதமே மாறிவிடும். 1999 டிசம்பரில் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்டில் கதாநாயகனுக்குச் சாவே வராது. பிணவறைப் பலகையில் கண்விழிப்பதுதான் முதல் காட்சி. செத்தாலும் எழுந்து நடக்கலாம். 2018இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸில் 1403ஆம் ஆண்டு பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கொல்லன் மகனாக ஆடுகிறோம். நினைத்த நேரத்தில் சேவ் செய்ய அதற்கென்று ஒரு மதுப் புட்டியைக் குடிக்க வேண்டும், அதை வாங்கக் காசு வேண்டும். அவனுக்கு எழுத்தும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து கிடக்கும். ஒரு ஊர் எழுத்தரிடம் போய்ப் படிக்கக் கற்றுக்கொண்டால்தான் வரிகள் நேராகும். எழுத்துக்கூட்டிப் படித்த வயதை நினைவுபடுத்திய ஒரே ஆட்டம் அதுதான்.

படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆட்டங்கள் எதிலும் தமிழ் இல்லை. டிஸ்கோ எலிசியத்தில் மட்டும் பத்து லட்சம் சொற்களுக்கு மேல். "இங்கிலீஷ்ல இவ்வளவா மாமா" என்று மருமகன் பின்வாங்குகிறான். நானும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடினேன். முதல் இரண்டு நாள் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். நேரம் குறைவாக இருப்பவர்கள் எழுத்து அதிகமான ஆட்டத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஓர் உரையாடலை முடித்துவிட்டு எழுந்து போகலாம். பாதிச் சண்டையில் எழுந்து போவதுதான் கஷ்டம்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 நல்ல ஆட்டம், ஆனால் அதன் உயிர் சண்டையில் இருக்கிறது. தரையில் எண்ணெய் கொட்டித் தீ வைப்பது, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அதன் சந்தோஷம். 140 மணிநேரம் லேரியன் சண்டை போட்டுவிட்டு உடனே அதற்குள் போனால் அலுத்துவிடும் என்று பயப்படுகிறேன். பாத்ஃபைண்டர் ராத் ஆஃப் தி ரைச்சியஸ் நூறு மணிநேரத்தைத் தின்றுவிடும், ஆளை உருவாக்கவே ஒரு மாலை போய்விடும். பிள்ளைகள் வளரட்டும். பில்லர்ஸ் பிறகு பார்க்கலாம்.

நான் எடுத்திருப்பது பென்டிமென்ட். பில்லர்ஸ் செய்த அதே ஆப்சிடியன் நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட சின்ன ஆட்டம். 16ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் பவேரியாவில் ஓர் ஊரும் மடமும். ஆந்த்ரேயாஸ் என்ற ஓவியர் மடத்தில் ஏட்டுக்குப் படம் வரைகிறார். நேற்று இரவு அதன் தொடக்கத்தை ஒரு மணிநேரம் ஆடினேன். ஒரு பழைய ஏட்டில் இருக்கும் எழுத்தைக் கல்லால் தேய்த்து அழிப்பதில் தொடங்குகிறது. யாருக்கும் குரல் இல்லை, பேச்செல்லாம் எழுத்துதான். ஆனால் உழவர் பேசினால் கிறுக்கலான கையெழுத்து, துறவி பேசினால் அலங்கார ஏட்டெழுத்து, அச்சுக்காரர் பேசினால் எழுத்துகள் கோத்து அழுத்திய அச்சு. சில சொற்களில் பிழை விழுந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்தப்படுகிறது. கடவுள் என்ற சொல் வரும் இடத்தை முதலில் காலியாக விட்டுவிட்டு, வரி முடிந்த பிறகு சிவப்பு மையால் நிரப்புகிறார்கள். அதைப் பார்ப்பதற்காகவே மூன்று பேரிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுத்தேன்.

இதில் பகடையே இல்லை. முன்பு யாரிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைக் கூட்டிப் பார்த்து அவர்கள் நம் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நாமாக சேவ் செய்யவும் வழி கிடையாது, ஆட்டமே செய்துகொள்ளும். ஒரு பிரபு கொலையாவார், வயதான துறவி ஒருவர்மீது பழி விழும், விசாரிக்க நேரம் போதாது, இருக்கிற நேரத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைக்கூட யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் நான் கைகாட்டுகிற ஆளுக்குத் தண்டனை. அவர்தான் செய்தாரா என்று ஆட்டம் உறுதியாகச் சொல்லாது என்கிறார்கள் ஆடி முடித்தவர்கள். அதோடு முடிவதில்லை, கதை இருபத்தைந்து வருஷம் நீள்கிறது. நான் யாரைத் தண்டித்தேனோ அவர்களுடைய வீட்டு மனிதர்களோடு அதே ஊரில் திரும்பவும் உட்கார வேண்டிவரும். அரபெல்லாவின் பெற்றோரிடம் நான் செய்யாமல் ஓடிவந்தது அதுதான்.

மருமகனுக்கு டிஸ்கோ எலிசியம் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவே இறக்கிவிட்டான். முதல் அறையில் மேலே சுற்றும் மின்விசிறியில் ஒரு கழுத்துப்பட்டை மாட்டியிருக்கும், உடம்பு பலவீனமான ஆளை உருவாக்கியிருந்தால் அதை எட்டி எடுக்கப் போய்ச் செத்துக்கூடப் போகலாம். இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

பென்டிமென்ட் ஆடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் யாரைக் கைகாட்டினீர்கள் என்று தயவுசெய்து இப்போது சொல்லாதீர்கள். நான் முடித்துவிட்டு வருகிறேன், அப்போது விடிய விடியப் பேசுவோம்.