அழுகாச்சி படத்துல பெரியம்மா ஏன் சிரிச்சாங்க?

பழைய காலத்துக் கதைய படமா எடுத்தா வரலாறு தெரிஞ்சவங்கதான் உருகிப் பார்ப்பாங்க, தெரியாதவங்க பாப்கார்ன தின்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு நம்புறாங்க. எனக்கு அப்படிப் படல. நான் பார்த்த வரைக்கும் பல நேரம் தலைகீழாத்தான் நடக்குது.

2013ல வந்த பாலாவோட பரதேசி படத்த எடுத்துக்குங்க, வெள்ளைக்காரன் காலத்துல தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியா போனவங்க கதை. தீபாவளி லீவுல, இங்க மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல இருக்குற பெரியம்மா வீட்டு ஹால்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து பார்த்தோம். பெரியம்மா கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்துல பொறந்து, பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டி, அந்தத் தோட்டம் வித்துப்போற வரைக்கும் லயத்துலயே, அதான் தொழிலாளிங்களுக்குக் கட்டின வரிசை வீட்டுலயே, இருந்தவங்க. அவங்க பேரன் கோலாலம்பூர்ல பொறந்தவன், காலேஜ் படிக்கிறான், தோட்டம்னா காருல போறப்ப ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. படத்துல கங்காணி ஊருக்குள்ள வந்து ஆசை வார்த்தை பேசி ஆள் சேர்க்கிறான், அப்புறம் கூலி நாளன்னிக்கு அந்தப் பிடித்தம் இந்தப் பிடித்தம்னு கணக்கு சொல்லி கையில ஒண்ணும் நிக்காம பண்ணிடுறான், பேரனுக்கு கண்ணுல தண்ணி, பெரியம்மா என்னடான்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அவன் அப்படியே ஷாக் ஆகி பாட்டியப் பார்க்கிறான்.

ஈரமே இல்லாதவங்கன்னு நெனச்சுடாதீங்க. மலாயா கங்காணி யாருன்னு தெரிஞ்சா அந்தச் சிரிப்பு புரியும். லைசென்ஸ் வாங்கிட்டு தன் சொந்த ஊருக்கே போயி தன் சனத்தையே கூட்டிட்டு வர்ற ஆளு அவன். ஆள் சேர்த்ததுக்கு கமிஷன், அது போக தன் ஆளுங்க வேலைக்கு எறங்குற ஒவ்வொரு நாளைக்கும் தலைக்காசு. அதனாலதான் காய்ச்சல்ல கெடந்தாலும் விடியறதுக்குள்ள லயத்துக் கதவ வந்து தட்டுவான். 1938ல இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புறதுக்குத் தடை போடுற வரைக்கும் நம்ம தாத்தன் பாட்டன்ல பாதிப் பேரு இப்படி ஒருத்தன் பின்னாலதான் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனாங்க. அதே ஆளுதான் கல்யாணத்துல முன்னால நிப்பான், கோயில்ல முதல் மரியாதை அவனுக்குத்தான். "எங்கப்பாவுக்கு பொண்ணு பார்த்துக் கட்டி வச்சதே கங்காணிதான்டா"ன்னாங்க பெரியம்மா. பேரனுக்கு அவன் வில்லன். பெரியம்மாவுக்கு அவன் திருட்டுப்பய, ஆனா நம்ம வீட்டுத் திருட்டுப்பய.

கேமரன் மலையில தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த மாமா ஒருத்தரும் அன்னிக்கு வந்திருந்தாரு. அவரு கதையவே கவனிக்கல. கொழுந்து கிள்ளுற ஷாட் வர்றப்பெல்லாம் டிவிகிட்ட குனிஞ்சு அந்தப் பொம்பளைங்க விரலயே பார்க்கிறாரு. எதுக்குன்னு கேட்டா, வருஷக்கணக்கா கிள்ளுனா நகக்கண்ணுல கறை ஏறிக் கறுத்துப் போயிருக்குமாம், சோப்பு போட்டாலும் போகாதாம், அது இருக்கான்னு பார்க்கிறாராம்! எந்த விமர்சகனும் இப்படிப் பார்த்து நான் படிச்சதில்ல.

படத்துல ஒரு டாக்டர் தோட்டத்துக்கு வந்து மதம் மாத்துறதுக்காக ஆடிப் பாடுற காட்சி இருக்கே, அங்க இன்னும் வேடிக்கை. படத்துக்கு அடிப்படையான ரெட் டீ நாவல எழுதுன பி.எச்.டேனியல், ஆனமலை தேயிலைத் தோட்டங்கள்ல டாக்டரா வேலை பார்த்தவரு, தொழிலாளிங்களுக்காக நின்னவரு, கிறிஸ்துவரு. இது தெரிஞ்ச என் ஃப்ரெண்டு அந்த இடத்துல கொதிச்சுப் போயிட்டான், அவரு நாவல எடுத்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு. (அந்தக் கோவம் நியாயம்தான், எனக்கும் அந்தக் காட்சி ஆகல.) பேரன் சிரிச்சான். பெரியம்மா மட்டும், "எங்க டிரசருக்கு கொய்னா மாத்திரை குடுக்கவே நேரம் இல்ல, இவருக்கு டான்ஸ் ஆட எங்கேர்ந்து நேரம்?"னு கேட்டுட்டு முறுக்கு எடுத்தாங்க. (டிரசர்னா தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுக்குற ஆளு, கொய்னா மலேரியாவுக்குக் குடுக்குற மாத்திரை.)

கடைசிக் காட்சியில கதாநாயகி அங்கம்மா புள்ளையத் தூக்கிட்டு அந்த நரகத்துக்கே வந்து சேர்றப்ப எனக்குத் தொண்டைய அடைச்சுடுச்சு. பெரியம்மாவுக்கு அங்கதான் எரிச்சலே. தோட்டத்துக்கு வந்தப்புறம் முழுக்க ஒப்பாரியாவே இருக்காம், ஒரு தீமிதி இல்ல, கள்ளுக்கடை சண்டை இல்ல, பெரட்டுக்கு (விடியக்காலையில ஆளுங்க பேரு கூப்பிடுற எடம்) போறப்ப நடக்குற கிண்டல் கேலி இல்ல. நாங்க என்ன அழுதுக்கிட்டேவா இருந்தோம்னு கேட்டாங்க. படத்துக்கு இது கொஞ்சம் அநியாயம்தான், இவங்க பார்த்தது ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் உள்ள ரப்பர் தோட்டம், அது வெள்ளைக்காரன் காலத்து தேயிலை மலை, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனாலும் வாழ்ந்தவங்க மேல நாம பரிதாபப்படலாம், அவங்க தங்கள் மேலயே பரிதாபப்படணும்னு எதிர்பார்க்கிறது டூ மச்.

புத்தகம் படிச்சுட்டு வர்ற கூட்டம் வேற ரகம். 2022ல பொன்னியின் செல்வன் வந்தப்ப பார்த்தோமே, கல்கி 1950லேர்ந்து 54 வரைக்கும் வாராவாரம் எழுதுனத கரைச்சுக் குடிச்ச அங்கிள்ஸ் எல்லாம் நாவல்ல வர்ற மணிமேகலை எங்க, அந்த சீன் எங்கன்னு தியேட்டர்லயே ஆடிட்டிங் பண்ணாங்க. நம்ம பசங்களுக்கு வேற கணக்கு, சோழன்னா உடனே கடாரம், அதாவது நம்ம கெடா, அங்க இருக்குற பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திரன் கடாரத்து மேல படையெடுத்தது 1025ல, கதை நடக்குறப்ப அவரு அப்பாவே இன்னும் பட்டத்துக்கு வரல, ஆனாலும் எப்படா கப்பல் இந்தப் பக்கம் திரும்பும்னு காத்திருந்தானுங்க. படம் என்ன பண்ணும் பாவம்.

இப்ப சில பேரு இந்த மாதிரி படம் போடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வரலாற்று உரை வைக்கலாம்னு கெளம்பியிருக்காங்க, அப்பத்தான் இளைஞர்களுக்குப் புரியுமாம். வேணாம் சாமி. முன்னாடியே பேசுனா எந்த எடத்துல அழணும், எந்த எடத்துல கோவப்படணும்னு பாடம் எடுத்து அனுப்புற மாதிரிதான். மொதல்ல படத்தப் போடுங்க, அப்புறம் தோட்டத்துல இருந்த நாலு பெருசுங்கள முன்னால உக்கார வச்சுப் பேச விடுங்க. என்ன, அவங்க படம் முடியுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டாங்க, அதுக்கு நான் கேரண்டி இல்ல.